கருப்பசாமிக்குப் போட்ட ஊசி

போடிநாயக்கனூர் மலையடிவாரத்துக் கருப்பசாமி முதன்முதலாக வாய் திறந்து பேசியது, டாக்டர் வீரையாவின் நர்சிங் ஹோமில். அதுவும் சட்டையில்லாமல், ஒரு தோள் இறங்கி, ரெக்சின் மேசையில் மல்லாந்து கிடந்தபடி.

கிடந்த உடம்பு வெள்ளைத்துரையுடையது. குரங்கணிக்கு மேலே சின்னதாக ஓர் ஏலத்தோட்டம் வைத்திருந்தான். எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசி மழையில், காய் எடுப்பு நடந்துகொண்டிருந்தபோது, சரிவில் வழுக்கித் தோள்மூட்டு விலகிவிட்டது. லோடு ஜீப்பில் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே அவனையும் ஒரு மூட்டையாகப் போட்டுக் கொண்டுவந்து இறக்கினார்கள். கூட வந்த மனைவி அன்னக்கொடியிடம் டாக்டர் பெருமையாகச் சொன்னார்.

"புதுசா வந்திருக்கிற மருந்தும்மா. கெட்டமின்னு பேரு. கண்ணைத் தொறந்துக்கிட்டே கெடப்பாரு, ஆனா ஆளு உள்ள இருக்க மாட்டாரு. வலி தெரியாது."

"எங்க போயிருப்பாரு?"

"எங்கயாச்சும் போயிட்டு வந்துருவாரு."

போனவன் திரும்பி வருகிற வழியில்தான் வில்லங்கம். தோளை ஏற்றி முடித்துக் கட்டுப் போட்டபின், வெள்ளைத்துரை கூரையை வெறித்துக்கொண்டு, அவனுடையதே இல்லாத ஒரு கனத்த குரலில் கத்தினான்.

"கூரை எங்கடா? கூரையைக் காணமேடா! குளுருதுடா டேய்!"

அன்னக்கொடிக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மனுஷன் மேலில் துணியில்லை, தலைக்குமேல் காத்தாடி முழு வேகத்தில் சுற்றுகிறது, குளிராமல் என்ன செய்யும். கம்பவுண்டர் ஜக்கையனிடம், "அந்தக் காத்தாடியை நிப்பாட்டுங்கண்ணே" என்றுதான் சொன்னாள். ஆனால் அந்த நேரம் பார்த்து ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நோயாளியைப் பார்க்க வந்து நின்றவர் பேச்சிமுத்து. கருப்பசாமி கோயில் கமிட்டித் தலைவர். அந்தக் கோயிலுக்குக் கூரை கிடையாது. கூரை போட வேண்டும் என்று அவர் நோட்டீஸ் அடித்து, ஊர்வலம் விட்டு, மைக் செட் கட்டிக் கேட்டும் ஏல வியாபாரிகள் ஒருத்தரும் கையை மடியை விட்டு எடுக்கவில்லை.

பேச்சிமுத்துவின் தோள்துண்டு இடுப்புக்கு இறங்கியது.

"சாமி! எஞ்சாமி! கூரைதான கேக்குற? போட்டுர்றோம்யா!"

"அண்ணே, அவரு காத்தாடியைச் சொல்றாரு" என்றாள் அன்னக்கொடி.

"தங்கச்சி, நீ வாயை மூடு. சாமி பேசுறப்ப குறுக்க பேசக் கூடாது."

காத்தாடியை நிறுத்தியதும் சாமி அமைதியாகிவிட்டது. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த மாசியில் கோயிலுக்குக் கூரை வந்துவிட்டது. உபயம் என்று வியாபாரிகள் பேர் பொடியெழுத்திலும், முயற்சி என்று பேச்சிமுத்து பேர் கொட்டையெழுத்திலும் கல்லில் வெட்டினார்கள். டாக்டர் வீரையா, கருப்பசாமி பேசிய இடம் என்று அந்த அறையில் படம் மாட்டி மாலை போட்டார். அதற்கப்புறம் அவரிடம் கட்டுப் போட வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள்.

வெள்ளைத்துரை மட்டும் அன்னக்கொடியிடம் தனியாக ஒன்று சொன்னான். "உடம்புன்னு ஒண்ணு இல்லாமப் போச்சு அன்னம். வலி இல்ல, தோட்டத்துக் கவலை இல்ல. மேல இருந்து என்னையே பாத்தேன். பாவமா இருந்தான் அந்த ஆளு." சொல்லும்போது அவன் முகத்தில், விருந்துச் சாப்பாட்டை நினைத்துக்கொண்ட ஒரு களை. அதைப் பார்த்துத்தான் அவள் முதல்முதலாகப் பயந்தாள்.

சித்திரைத் திருவிழாவில் சாமியாடச் சொல்லி வெள்ளைத்துரை இடுப்பில் சாமியாடிக்கான சல்லடம் கட்டி, கையில் அரிவாளைக் கொடுத்து நிறுத்தினார்கள். உறுமி முழங்குகிறது, சாம்பிராணிப் புகையில் கோழிகள்கூட இருமுகின்றன. வெள்ளைத்துரை மின்சாரக் கம்பம் மாதிரி நிற்கிறான். வியாபாரிகள் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பேச்சிமுத்துவுக்கு வேர்த்து ஊற்றியது. அப்போது கூட்டத்திலிருந்து கம்பவுண்டர் ஜக்கையன் ஒதுங்கி வந்து அவர் காதில் ஏதோ ஓதினான். மடப்பள்ளிக்குப் பின்னால் வெள்ளைத்துரையைக் கூட்டிப்போனார்கள். கொஞ்ச நேரத்தில் சாமி வந்துவிட்டது.

சாமி நாக்குக் குழறி, "மஞ்சளு… பள்ளம்… உள்ள போறேன்… பள்ளம்" என்றது. வியாபாரிகள் கூடிப் பேசி, ஏலக்காய் விலை பள்ளத்தில் விழப்போகிறது என்று பொருள் கண்டுபிடித்து, இருந்த சரக்கை அவசரமாகத் தள்ளினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் தள்ளியதில் விலை விழுந்தது. கருப்பசாமியின் வாக்கு பலித்துவிட்டது என்று அப்புறம் ஊரே சொல்லியது.

அந்த மருந்துக்குக் கோயிலில் 'தீர்த்தம்' என்று பேர் வைத்தார்கள். ஜக்கையன் நர்சிங் ஹோமிலிருந்து கொண்டுவருவான். அலமாரியில் மருந்து ஏன் குறைகிறது என்று டாக்டர் கேட்கவில்லை. சாமி பேசிய நர்சிங் ஹோமின் டாக்டர், சாமி என்ன குடிக்கிறது என்று கேட்கலாமா?

முதலில் திருவிழாவுக்குத் திருவிழா. அப்புறம் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை குறி சொல்ல. அப்புறம் வெள்ளிக்கிழமை வருகிறதே என்று வியாழக்கிழமை. பிறகு குறி கேட்க ஆள் வராத நாளிலும் சாமி இறங்கியது. வீட்டுக் கொல்லையில், ஏணிக்குப் பின்னால், கையில் ஊசியோடு தானே இறக்கிக்கொண்டது.

"இன்னைக்கு யாரு குறி கேக்க வந்தா?" என்றாள் அன்னக்கொடி.

"சும்மா உடம்பு வலி."

"எந்த உடம்பு? அதான் இல்லாமப் போயிருதுன்னீங்களே."

எண்பத்திரண்டில் அவன் பாதி ஆளாகிவிட்டான். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பான். எழுந்தால் ஒன்றுக்குப் போவான், வருவான், உட்காருவதற்குள் மறுபடியும் போவான். குறி சொல்கிற நடுவில் சாமி அரிவாளைக் கீழே போட்டுவிட்டுப் புதருக்கு ஓடுவது கமிட்டிக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவார்கள் என்று அன்னக்கொடி எதிர்பார்த்தாள். கமிட்டி கூடி ஆலோசித்து, கோயிலை ஒட்டி ஒரு கக்கூஸ் கட்டியது. 'வெள்ளைத்துரை சாமி அவர்களின் உபயோகத்திற்காக' என்று அதற்கும் ஒரு கல். கீழே கொட்டையெழுத்தில் பேச்சிமுத்து.

ஒருநாள் அதில் ரத்தமாகப் போயிற்று. கருப்பசாமி ரத்தம் கேட்கிறது என்று பேச்சிமுத்து ஒரு கிடாயை வெட்டினார். கறி எல்லா வீட்டுக்கும் போனது. அன்னக்கொடி தன் பங்கை வாசலிலேயே நாய்க்கு வீசினாள்.

அதையெல்லாம்கூட அவள் பொறுத்திருப்பாளோ என்னவோ. தோட்டத்து ஸ்டோரில் ஒருநாள் நடந்ததுதான் அவளைக் கிளப்பியது. பச்சை ஏலக்காயைப் பரப்பி, கீழே விறகு எரித்து, தகரக் குழாயில் அனலை ஓட்டிக் காயவைக்கும் இடம் அது. அனல் மட்டாக இருக்க வேண்டும், கூடினால் காய் பச்சை போய் வெளுத்துவிடும். அடுப்புக்குக் காவலாக வெள்ளைத்துரையை உட்காரவைத்துவிட்டு அவளும், காய் பொறுக்கும் மருதாயியும் பறித்த காயைக் கொண்டுவரப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் ஸ்டோர் முழுக்கப் புகை. தட்டில் இருந்த காய் அத்தனையும் வைக்கோல் நிறம். அடுப்பு வாயில் வெள்ளைத்துரை உட்கார்ந்திருக்கிறான். வேட்டி ஓரத்தில் நெருப்புப் பிடித்து முழங்காலை நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறது. அவன் அதை, யார் வீட்டிலோ அடுப்பு எரிகிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கண்மணி மட்டும் இரண்டு பக்கமும் வெட்டி வெட்டி ஆடுகிறது.

மருதாயி தண்ணீரை வாரி ஊற்றினாள். அன்னக்கொடி அவன் கன்னத்தில் அறைந்தாள். அவன் மெல்லத் திரும்பி, மிகுந்த மரியாதையோடு கேட்டான்.

"நீ யாரு வீட்டுப் பொண்ணு ஆத்தா?"

மறுநாள் காலையில் அவள் பேச்சிமுத்துவின் கடை வாசலில் நின்றாள்.

"அண்ணே, அவரை விட்டுருங்க. மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"அவசரப்படாத தங்கச்சி. கும்பாபிஷேகம் வருது. பெரிய பெரிய ஆளுகள்லாம் வர்றாக. முடியட்டும்."

"அதுக்குள்ள அவரு முடிஞ்சுருவாரு."

"என்ன பேச்சு பேசுற! ஊருக்காக உசுரைக் குடுக்குறவுகளை ஊரு மறக்காது. செலையே வைப்போம்."

"செலைக்கு ஒண்ணுக்கு வராது. உங்களுக்கும் அதுதான் சௌகரியம்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டில் கிடந்த காலி மருந்துக்குப்பிகளை ஒரு துணியில் முடிந்துகொண்டாள். மதுரை பஸ்ஸில் வெள்ளைத்துரையை ஏற்றினாள். வழியில் பாலத்துக்குப் பாலம் வண்டியை நிறுத்தச் சொன்னதில் கண்டக்டர் கடுப்பாகி, "ஏம்மா, இது பஸ்ஸா இல்ல உங்க வீட்டு வண்டியா?" என்றான். முன்னிருக்கையில் இருந்த ஒரு பெரியவர் வெள்ளைத்துரையை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து கும்பிட்டார். அதற்கப்புறம் கண்டக்டர் கேட்காமலே நிறுத்தினான்.

பெரியாஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் குப்பியைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "இது ஆபரேஷனுக்குப் போடுறது. இதையா தினம் போட்டாங்க? யாரு சொல்லி?"

"கருப்பசாமி சொல்லி" என்றாள் அன்னக்கொடி.

டாக்டர் சிரிக்கவில்லை. "ஒண்ணுக்குல ரத்தம் வர்றது இதனாலதானான்னு எனக்கு உறுதியாத் தெரியாதும்மா. நான் படிச்ச புத்தகத்துல இல்ல. ஆனா ஊசிக்கு அப்புறம் வந்ததுன்னா, ஊசியை நிறுத்தித்தான் பாக்கணும். நிறுத்துறது இங்க முடிஞ்சுரும். நிறுத்தினபடி இருக்குறதுதான் கஷ்டம். ஆசை வரும். வர்றப்ப ஒளிக்காமச் சொல்லணும். சொன்னா நீங்க திட்டக் கூடாது. அவரு தனியா இருக்கக் கூடாது. பழைய கூட்டாளிங்க பக்கத்துல வரக் கூடாது."

"திரும்பப் போட்டுட்டாரு?"

"எல்லாம் போச்சுன்னு தலையில அடிச்சுக்காதீங்க. மறுபடி கூட்டிட்டு வாங்க."

ஒரு டாக்டர் தெரியாது என்று சொல்லி அன்னக்கொடி அன்றைக்குத்தான் கேட்டாள். அதனாலேயே அவரை நம்பினாள்.

வார்டில் வெள்ளைத்துரை அழுதான், சாபம் விட்டான், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். கருப்பசாமியின் குரலில் அவளை மிரட்டியும் பார்த்தான். "வாயைத் தொறந்து கஞ்சியைக் குடிங்க சாமி" என்று அவள் கரண்டியை நீட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் நின்றது. வலி தணிந்தது. ஓடுவது மட்டும் நிற்கவில்லை. மூத்திரப்பை சுருங்கிப்போயிருக்கும், எவ்வளவு மீளும் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

ஊருக்கு வந்ததும் போடி வீட்டைப் பூட்டிவிட்டு அவனைத் தோட்டத்துக்கே கூட்டிப்போய்விட்டாள். ஏலச்செடியின் தூரில் காய்ந்த தோகையை உருவுவது, களை கொத்துவது, தண்ணீர் வாய்க்கால் சீர்படுத்துவது என்று வேலை கிடந்தது. ஆசை கிளம்பும்போது அவன் நின்ற இடத்திலிருந்து, "அன்னம், வருது" என்று கூப்பிடுவான். அவள் கையில் இருக்கிற சோலியைப் போட்டுவிட்டு வந்து அவன் பக்கத்தில் குனிந்து களை கொத்துவாள். ஒன்றும் பேச மாட்டாள். நெற்றி வேர்வை மூக்குநுனிக்கு வந்து சொட்டுகிற வரைக்கும் கொத்துவார்கள். "போயிருச்சு" என்பான். சில நாள் போகாது. வெகுநேரம் கொத்துவார்கள். அந்த வருஷம் அந்த மலையிலேயே களையில்லாத தோட்டம் அவர்களுடையதுதான்.

இடையில் ஒருமுறை உரம் வாங்கப் போகிறேன் என்று ராமர் ஓட்டுகிற ஜீப்பில் இறங்கிப் போனவன், கண்மணி ஆட ஆட வந்து சேர்ந்தான். ராமர் மருதாயியின் மகன். கல்யாண வயதில் இருந்தவன், நல்ல வாட்டசாட்டமான ஆள். "மாமாதான் ஜக்கையனைப் பாக்கணும்னு சொன்னாரு அத்தை, நான் என்ன செய்ய?" என்று தலையைச் சொறிந்தான். அன்னக்கொடிக்கு மண்ணில் விழுந்து புரள வேண்டும்போல இருந்தது. டாக்டர் சொன்னதை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். விடிந்ததும் மதுரை பஸ் பிடித்தாள். அதே கண்டக்டர். "வாங்க சாமி, பழைய எடம்தான்" என்று படிக்கட்டுப் பக்கத்து இருக்கையைக் காட்டினான்.

அதற்கப்புறம் வெள்ளைத்துரை போடிக்குத் தனியாக இறங்கவில்லை. அவனே வேண்டாம் என்றான்.

தள்ளித் தள்ளிப் போன கும்பாபிஷேகம் எண்பத்துநாலில் ஒருவழியாக வந்தது. பேச்சிமுத்து மேளதாளத்தோடு தோட்டத்துக்கே ஏறி வந்தார். மலையேறிய மூச்சிரைப்பில் அவரால் கொஞ்ச நேரம் பேசவே முடியவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது.

"சாமி, நீ வந்து ஒரு வாக்குச் சொன்னாப் போதும்."

"ஊசி போட மாட்டேன் மச்சான்."

"யாரு போடச் சொன்னா? சும்மா வந்து நில்லு. ஊருக்கு உன் மொகத்தைக் காட்டு."

அன்னக்கொடி வேண்டாம் என்று தலையாட்டினாள். வெள்ளைத்துரை வெகுநேரம் மண்வெட்டிப் பிடியைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு, "வர்றேன். ஊருக்கு ஒண்ணு சொல்ல வேண்டியதிருக்கு. நீயும் வா அன்னம்" என்றான். 'சொல்லிவிட்டால் நம்மை விட்டுவிடுவார்கள்' என்று அவன் நினைப்பது அவளுக்குப் புரிந்தது. மருந்து இருக்கிற இடத்துக்கு அவனை நடத்திப்போகிறோமே என்று நினைத்துக்கொண்டே அவளும் கிளம்பினாள்.

கோயில் பளபளவென்று இருந்தது. வியாபாரிகள் நாற்காலியிலும் அவர்களிடம் கடன் வாங்கியவர்கள் தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள். மைக்கை வெள்ளைத்துரையிடம் கொடுத்தார்கள். சல்லடம் இல்லை, அரிவாள் இல்லை, வெறும் வேட்டி சட்டை.

"எம்மேல கருப்பசாமி ஒருநாளும் வரலை" என்றான். குரல் தெளிவாக இருந்தது. "அது ஆஸ்பத்திரி மயக்க ஊசி. அதுல நான் பினாத்துனேன். நீங்க கேட்டீங்க. ஊசி என்னையத் தின்னுருச்சு. ஒண்ணுக்குக்கூட ஒழுங்காப் போக முடியாத ஆளா நிக்கிறேன். யாரும் அதைத் தொடாதீங்க. என்னைய மன்னிச்சுருங்க."

சொல்லிவிட்டான், அவ்வளவுதான், முடிந்தது என்று அன்னக்கொடி மூச்சு விட்டாள்.

முன்வரிசையில் ஒரு வியாபாரி எழுந்தார். துண்டு இடுப்புக்கு இறங்கியது.

"சோதிக்கிறியா சாமி? எங்களைச் சோதிக்கிறியா?"

"நான் சாமி இல்லைய்யா!"

"இல்லைன்னு சொல்லுதே! கருப்பு கோவிச்சுக்கிட்டுப் பேசுதே!" என்று ஒரு கிழவி குலவையிட்டாள். பத்திருபது பேர் காலில் விழுந்தார்கள். அவன் இல்லை இல்லை என்று கத்தக் கத்த விழுகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். பேச்சிமுத்துவுக்கே கொஞ்சம் கண் கலங்கிவிட்டது. ஊசி செலவில்லாமல் இவ்வளவு நடக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

ஆனாலும் அவர் முன்யோசனைக்காரர். மைக்கை மெல்ல வாங்கிக்கொண்டு, "சாமி கோவத்துல இவரை விட்டு எறங்கிருச்சு. ஊரை விட்டு எறங்கலை" என்று கண்ணைக் காட்டினார். உறுமி முழங்கியது. மடப்பள்ளிப் பக்கத்திலிருந்து சல்லடம் கட்டிய இன்னொருத்தனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். பின்னாலேயே ஜக்கையன், கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு.

ராமர். கால் பின்னுகிறது, வாய் குழறுகிறது. அன்னக்கொடி வேறெதையும் பார்க்கவில்லை. கண்மணியைத்தான் பார்த்தாள். இரண்டு பக்கமும் வெட்டி வெட்டி ஆடியது.

வெள்ளைத்துரையும் பார்த்தான். அவன் பார்வை ராமரிடமிருந்து ஜக்கையனின் சட்டைப்பைக்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டது. உதடு காய்ந்துபோயிற்று.

"அன்னம்" என்றான். "வருது."

பக்கத்தில் நின்றவர்கள் அதைக் கேட்டுவிட்டு, "வருதாம்! மறுபடி வருதாம்!" என்று கை கூப்பினார்கள். அவள் அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "நடங்க. வெரசா நடங்க." கூட்டத்தைத் தோளால் பிளந்துகொண்டு வெளியே இழுத்து வந்தாள்.

வழியில் மருதாயி நின்றாள். புதுச் சேலை, தலை நிறையப் பூ.

"மருதாயி, உம்மகனுக்கு ஊசி போட்டுருக்காங்க. போயி இழுத்துட்டு வா."

"உங்க வீட்டுக்காரருக்குப் போட்டப்ப அது சாமி. எம்மகனுக்குன்னா ஊசியா மதினி?" மருதாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "காலமெல்லாம் உங்க காயைப் பொறுக்குனவ வீட்டுல சாமி எறங்கக் கூடாதாக்கும்?"

வெள்ளைத்துரை அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். கோயிலை ஒட்டிய கக்கூஸுக்குக் கூட்டிப்போனாள். புதுப் பூட்டு தொங்கியது. காவலுக்கு நின்றவன் கையை விரித்தான். "சாமிக்கு மட்டுந்தான்க்கா. கமிட்டி உத்தரவு."

"கல்லுல அவரு பேருதான இருக்கு?"

அவன் திரும்பிக் கல்லைப் பார்த்தான். வெள்ளைத்துரை என்ற எழுத்தின்மேல் சிமெண்டு பூசி, இறுகுவதற்காக ஈரச்சாக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். பேச்சிமுத்துவின் பேர் அப்படியே இருந்தது.

வெள்ளைத்துரை சுவருக்குப் பின்னால் போனான். அன்னக்கொடி முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு நின்றாள். சொட்டுச் சொட்டாக, பல்லைக் கடித்துக்கொண்டு, வெகுநேரம். உள்ளே மைக்கில் ராமரின் குழறல் கேட்டது. "மேல… மேல போறேன்…" ஏலக்காய் விலை மேலே போகும் என்று யாரோ சந்தோஷமாகக் கத்தினார்கள்.

"போயிருச்சா?" என்றாள், அவன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்ததும்.

"இன்னும் இல்ல. பேசிக்கிட்டே நட."

பஸ் ஸ்டாப்பு வரைக்கும் அவள் வாய் ஓயாமல் பேசினாள். எந்தச் சரிவில் தோகை உருவ வேண்டும், எந்த வாய்க்கால் உடைந்திருக்கிறது என்று. அவன் ம், ம் என்றான். பிடித்த மணிக்கட்டை அவள் விடவில்லை. குரங்கணி பஸ் வந்து நின்றபோது பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. மருதாயி. தலைப்பூ அவிழ்ந்து தோளில் தொங்கியது. மூச்சு வாங்க, வெள்ளைத்துரை காதில் விழாமல் கேட்டாள்.

"மதினி… ராமரு கொஞ்ச நாளா அடிக்கடி எந்திரிச்சுப் போறான். அடிவயிறு கடுக்குதுங்கிறான். அண்ணனுக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுச்சா?"

"ஆமா" என்றாள் அன்னக்கொடி. "இப்பவே போயி அவனைக் கூட்டிட்டு வா. இந்த பஸ்ஸு போனாப் போகட்டும், நாங்க நிக்கிறோம். நாலு பேருமா மதுரைக்குப் போயிருவோம். அந்த டாக்டரு திட்ட மாட்டாங்க."

மருதாயி கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வேட்டுச் சத்தம் கிளம்பியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவிழ்ந்த பூவை எடுத்து மறுபடி தலையில் செருகினாள்.

"நாளைக்கு வர்றோம் மதினி. இன்னைக்கு அவனுக்குப் பரிவட்டம் கட்டுறாக."